பிரெஞ்சுப் பாட்டுகளை நாலு பேரோடு கேட்க: ஹால் பிடிப்பதிலிருந்து சாவி திருப்பிக் கொடுப்பது வரை

போன வருடம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மாலை, பாரிஸுக்கு வெளியே நான் குடியிருக்கும் ஊரில் நாற்பது பேரை உட்கார வைத்து, எனக்குப் பிடித்த பன்னிரண்டு பிரெஞ்சுப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். பாதி எல்லோருக்கும் தெரிந்த பாப், மீதி யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத இண்டி ஆட்கள், அதாவது பெரிய பதிவு நிறுவனங்களைச் சாராதவர்கள். பாட்டு ஓடியது முக்கால் மணி நேரம். அதற்கு நான் அலைந்தது நாலு மாதம். அலைச்சலில் முக்கால்வாசி, எந்தக் காகிதத்தை எப்போது கேட்பார்கள் என்று தெரியாததால் வந்தது. பிரான்சுக்குப் புதிதாகப் படிக்கவோ வேலைக்கோ வந்து, இப்படி ஒரு மாலை நடத்த ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டுப் பட்டியலை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பட்டியல் தயார், ஹால் இல்லை. ஹால் கிடைத்தது, செக் புத்தகம் இல்லை. பட்டியலை ரயிலில் போகும்போது போட்டுக்கொள்ளலாம், காகிதங்களை அப்படி முடிக்க முடியாது.

1. வீட்டிலா, ஹாலிலா?

எட்டு பத்து நெருங்கிய நண்பர்கள்தான் என்றால் வீட்டிலேயே நடத்துங்கள். காசு வாங்காமல், குடும்ப வட்டத்துக்குள் பாட்டுப் போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பிரெஞ்சு அறிவுசார் சொத்துச் சட்டத்தின் எல்.122-5 என்ற பிரிவு அதைச் சொல்கிறது. நெருங்கிய உறவும் நட்பும்தான் அந்த வட்டம். வாட்ஸப் குழுவில் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று போட்ட நிமிடமே அது பொது நிகழ்ச்சி ஆகிவிடும், நடக்கும் இடம் உங்கள் வரவேற்பறையாகவே இருந்தாலும்.

வீட்டில் வைத்தால் அக்கம்பக்கம்தான் கவலை. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போனால் போலீஸ் வரலாம், அபராதம் 68 யூரோ. பகலில் சத்தம் போடலாம் என்றும் நினைக்க வேண்டாம், அதற்கும் புகார் வரும். மூன்று நாள் முன்னாலேயே லிஃப்ட் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, கீழே உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். எரிச்சல் வந்தாலும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வீடு போதும் என்றால் நேராக ஐந்தாவது படிக்குப் போங்கள். நடுவில் உள்ளதெல்லாம் ஹால் காரர்களுக்கு.

2. யார் பெயரில் நடத்துவது

தனி ஆளாகவும் ஹால் எடுக்கலாம். ஆனால் பல ஊர்களில் உள்ளூர் சங்கம், அதாவது அசோசியேஷன், கேட்டால் வாடகை குறைவு, சில இடங்களில் இலவசம். அதனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு சங்கத்தில் சேர்ந்து அதன் நிகழ்ச்சியாக நடத்துவதுதான் நல்ல வழி. நான் எங்கள் தெருச் சங்கத்தில் சேர்ந்தேன், ஆண்டுச் சந்தா 15 யூரோ. கூட்டத்தில் ஒரு முறை எழுந்து நின்று 'பாட்டு கேட்கும் மாலை' என்று சொன்னேன். தலைவி ஒரு கையெழுத்துப் போட்டார், முடிந்தது. பாரிஸுக்குள் இருப்பவர்கள் தங்கள் வட்டாரத்துச் சங்கங்களுக்கான இல்லத்தில் கேட்டால், யார் யார் இசை சம்பந்தமாக என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள்.

சொந்தமாகவே சங்கம் தொடங்க வேண்டுமானால் இரண்டு பேர் போதும். வெளிநாட்டவரும் தொடங்கலாம். விதிமுறைத் தாள் ஒன்று எழுதி இணையத்தில் அறிவித்தால், ஆவணங்கள் முழுமையாக இருக்கும்பட்சத்தில் ஐந்து நாளில் ரசீது தர வேண்டும் என்பது விதி. அரசிதழில் வெளியிடுவதற்கு 2020 முதல் கட்டணம் இல்லை. இதெல்லாம் சுலபம். அதற்கப்புறம் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பதில்தான் வாரக்கணக்கில் இழுக்கும். ஒரே ஒரு மாலைக்காக இந்தப் பாடு வேண்டாம் என்பேன்.

3. ஹால்: மூன்று மாதம் முன்னால்

தேதியைப் பிடிப்பதற்கு முன் பள்ளி விடுமுறை அட்டவணையைப் பாருங்கள். பிரான்ஸ் மூன்று மண்டலங்களாகப் பிரிந்து விடுமுறை விடுகிறது. பாரிஸும் சுற்றுவட்டாரமும் சி மண்டலம். அந்த வாரங்களில் ஊர் காலியாக இருக்கும். மே மாதம் முழுக்க நீண்ட வார இறுதிகள். ஆகஸ்டில் ஹால் கிடைத்தாலும் கேட்க ஆள் கிடைக்காது, நகராட்சியில் போனை எடுக்கவும் ஆள் இருக்காது. ஜூன் 21 பக்கமே போகாதீர்கள். அது நாடு முழுக்க இசை நாள். தெருவுக்குத் தெரு யாராவது வாசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் ஸ்பீக்கரைக் கேட்க யார் வருவார்கள்?

நகராட்சியை இங்கே மெரி என்பார்கள். அங்கே கேட்ட காகிதங்கள்:

அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டையின் நகல்.
முகவரிச் சான்று. மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்சார பில் சரி, கைப்பேசி பில்லைச் சில இடங்களில் ஏற்பதில்லை.
காப்பீட்டுச் சான்று.
பிணைத்தொகைக்கு ஒரு செக்.
கையெழுத்துப் போட்ட ஹால் விதிமுறைகள்.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் இடறுகிறார்கள்.

முதலாவது காப்பீட்டுச் சான்று. வீட்டுக் காப்பீட்டோடு கிடைக்கும் சான்றை அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பேனா முனையால் தாளில் மூன்று இடத்தைத் தட்டினார். ஹாலின் முகவரி இல்லை. நிகழ்ச்சித் தேதி இல்லை. என் பெயர் இருக்கிறது, ஹால் எடுக்கும் சங்கத்தின் பெயர் இல்லை. "இது உங்கள் வீட்டுக் குழாய் உடைந்தால் பயன்படும் காகிதம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் என் பின்னால் நின்றிருந்தவர் சிரித்துவிட்டார். நீங்கள் கேட்க வேண்டியது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று. அதில் இந்த மூன்றும் இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் எடுத்தால் சங்கத்தின் காப்பீட்டிலிருந்துதான் வாங்க வேண்டும், உங்களுடையது செல்லாது. நான் திரும்பப் போக இரண்டு வாரம் ஆனது. அதற்குள் நான் கேட்ட தேதியை ஒரு ஜூடோ வகுப்பு எடுத்துக்கொண்டது.

இரண்டாவது செக். ஊரிலிருந்து வந்து நாலு வருடத்தில் நான் ஒரு செக் கூட எழுதியதில்லை. எல்லாம் கார்டுதான். இங்கே ஹால், பள்ளி, பல் மருத்துவர் என்று சில இடங்களில் இன்னும் செக்தான் ஓடுகிறது. வங்கியில் கேட்டுத் தபாலில் வருவதற்கு நாளாகும், இணையவழி வங்கி என்றால் கொடுக்காமலேயே இருக்கலாம். இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பிணை செக்கைப் பெரும்பாலும் வங்கியில் போட மாட்டார்கள், கவரில் வைத்திருந்து திருப்பித் தருவார்கள். ஆனாலும் கணக்கில் அந்தத் தொகை இருக்கட்டும்.

4. பாட்டுக்கான உரிமை: சாசெம்

இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரான்சில் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பணம் வசூலிக்கும் அமைப்பு சாசெம். பொது இடத்தில் அவர்களுடைய உறுப்பினரின் பாட்டு ஒலித்தால் முன்கூட்டியே சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும். பாடகருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் போகும் பங்கு இன்னொன்று. அதற்கு எஸ்.பி.ஆர்.ஈ. என்று தனி அமைப்பு இருந்தாலும், வசூலிப்பது சாசெம்தான். எனவே பில்லில் இரண்டு தனித்தனித் தொகை இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

நான் கேட்ட தப்பான ஆலோசனைகள் இவை. மூன்றையும் நம்பாதீர்கள்.

'நுழைவு இலவசம் என்றால் கட்டணம் கிடையாது.' உண்டு. தொகை குறையும், அவ்வளவுதான்.

'நான் மாதாமாதம் ஸ்பாட்டிஃபை, டீசர் மாதிரிப் பாட்டுச் செயலிகளுக்குக் காசு கட்டுகிறேனே.' அது நீங்கள் தனியாகக் கேட்பதற்கு. ஹாலில் போட அந்தச் சந்தாவின் விதிகள் இடம் தருவதில்லை.

'இண்டி ஆட்கள்தானே, அவர்கள் சாசெமில் இருக்க மாட்டார்கள்.' சிலர் இல்லை, உண்மைதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்களில் பலர் உறுப்பினர்கள். பட்டியலில் ஒரே ஒருவர் இருந்தாலும் மாலையை அறிவிக்க வேண்டும். பெல்ஜியம், கனடாக் கலைஞர்களுக்கும் அந்தந்த நாட்டுச் சங்கங்கள் வழியாக இதே கணக்குத்தான்.

அறிவிப்பது இணையத்தில்தான். ஒரு கணக்குத் திறந்து தேதி, இடம், எத்தனை பேர், டிக்கெட் விலை, செலவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே பார்க்க அங்கேயே கணிப்பான் இருக்கிறது. ஹால் தேடும் நாளிலேயே அதைப் போட்டுப் பாருங்கள், டிக்கெட் வைப்பதா வேண்டாமா என்பது அதிலேயே தெளிவாகிவிடும். நான் படிவத்தில் அவசரப்பட்டு 'கச்சேரி' என்பதை அழுத்திவிட்டேன். உடனே மேடையேறும் கலைஞர்களின் சம்பள விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நமக்கு வேண்டியது பதிவு செய்யப்பட்ட இசையை ஒலிபரப்பும் நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு முன்பே அறிவித்தால் கட்டணம் குறைவு, நடந்த பிறகு சொன்னால் கூடும். நான் ஒரு மாதம் முன்னால் செய்தேன். அது போதும்.

5. பாட்டு எங்கே தேடுவது

செயலிகளிடம் பிரெஞ்சுப் பாப் கேட்டால் அதே அஞ்சாறு பாட்டுகளைத்தான் தரும். ரீல்ஸில் ஆயிரம் தடவை கேட்ட இந்திலா, தெருப்பாட்டுக் குரலில் சாஸ், ஸ்த்ரோமாய். நல்ல பாட்டுகள்தான், ஆனால் அவற்றைக் கேட்க யாரும் ஹாலுக்கு வர வேண்டியதில்லை.

எனக்குப் பயன்பட்டவை இவை. ஃபிப் என்ற பொது வானொலி. அறிவிப்பாளர் மிகக் குறைவாகப் பேசுவார், தெரிந்த பாட்டுக்கு அடுத்து தெரியாத பாட்டை வழுக்கிக்கொண்டு போவதுபோல் போடுவார்கள். என்ன பாட்டு ஓடியது என்று தளத்தில் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். லா சூத்தெரேன் என்று ஒரு குழு பிரெஞ்சில் பாடும் அறியப்படாத கலைஞர்களைத் தொகுப்புகளாக பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கும் இணையத் தளத்தில் போட்டுவைத்திருக்கிறது. நான் கண்டுபிடித்ததில் பாதி அங்கிருந்து வந்தவை. பாரிஸில் லே ஆல் நிலத்தடி வளாகத்தில் இருக்கும் இசை நூலகத்தில் மழைநாள் ஒன்றைச் செலவழியுங்கள், குறுந்தட்டும் இசைத்தட்டுமாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். நூலகத் தட்டை வீட்டில் கேட்கலாம், ஹாலில் போட்டால் நாலாம் படியில் சொன்னது அதற்கும் பொருந்தும்.

இன்னொரு வழி, மரோக்கினரி, புவான் எஃபெமேர் மாதிரிச் சின்ன அரங்குகளுக்குச் சீக்கிரம் போவது. முக்கியமான ஆள் ஒன்பதுக்கு வருவார், எட்டுக்கு ஒரு புதியவர் அரை மணி நேரம் பாடுவார். கூட்டம் அப்போது பாரில் நிற்கும். அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு. ரென் நகரில் டிசம்பரில் நடக்கும் த்ரான்ஸ் மியூசிக்கால், பூர்ஜில் ஏப்ரலில் நடக்கும் ப்ரென்தாம் ஆகிய இரண்டு விழாக்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்து வீட்டில் கேட்டாலும் லாபம்தான்.

தேடும்போது ஒரு சங்கடம் வரும். பிரெஞ்சில் காதில் விழுவது ஒன்று, எழுதுவது வேறு. பாதி எழுத்துகளை உச்சரிக்கவே மாட்டார்கள். வானொலியில் கேட்ட பெயரை நான் மூன்று வாரம் தப்பான எழுத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பெயரை எங்காவது எழுத்தில் பார்க்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. பட்டியல் போடுவது

முதல் வரைவில் எனக்குப் பிடித்த இண்டி பாட்டுகள் மட்டும் பதினெட்டு இருந்தன. வீட்டில் என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். ஆறாவது பாட்டில் துணி மடிக்கப் போய்விட்டாள். அப்புறம்தான் புரிந்தது: தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத ஒன்றுக்குள் ஆட்கள் வருவார்கள். அதனால் ஜோடி ஜோடியாகப் போட்டேன். ஒரு பழைய பிரபலம், அதன் பக்கத்தில் ஒரு புதியவர். இரண்டுக்கும் இடையே காதால் பிடிக்கக்கூடிய ஒரு தொடர்பு இருக்க வேண்டும்.

என் பட்டியலிலிருந்து சில ஜோடிகள்:

பிரான்சுவாஸ் அர்தி 1962-இல் பாடிய, எல்லோரும் ஜோடியாகப் போக நான் மட்டும் தனியாகப் போகிறேன் என்ற பொருளில் வரும் பாட்டு. பதினெட்டு வயதுப் பெண் தானே எழுதியது. அடுத்து ஆலோ மோத். 2018-இல் வந்த முதல் ஆல்பத்தில் அதே மாதிரித் தெளிந்த, பதற்றமில்லாத குரல், ஆனால் சுற்றிலும் கிட்டார்கள் அலை அலையாக எழும்பும்.

அண்டோஷின் குழுவின் 1982 பாட்டு, சாகச நாயகனைப் பற்றியது. அறுபது வயதுக்காரர்களும் தொடையில் தாளம் போட்டார்கள். பக்கத்தில் ரெக்கேன் ஷக்ரேன். பெயரின் சொற்களைப் பிரித்தால் சுறா, சோகம். மரியோன் ப்ரூனெத்தோ என்பவர் நடத்தும் இசை இது. அண்டோஷின் பாடகரே தன் சொந்த லேபிளில், அதாவது பதிவு நிறுவனத்தில், இவருடைய இரண்டாவது ஆல்பத்தை 2019-இல் வெளியிட்டார் என்று சொன்னதும், தெரியாத பெயருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஏர் இரட்டையரின் 1998 ஆல்பத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் மெலடிஸ் எக்கோ சேம்பர். இரண்டும் மிதக்கும் இசை. இங்கே விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

லே ரித்தா மித்சூக்கோவின் 'மார்சியா பைலா'வைப் போடும்போது கவனம். கேட்டால் ஆடத் தோன்றும். ஆனால் அது புற்றுநோயில் இறந்துபோன மார்சியா மொரெத்தோ என்ற நடனக் கலைஞருக்கான அஞ்சலி. சொல்லாமல் போட்டால் ஒரு பாதியைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். நான் முதலில் எதுவும் சொல்லாமல் போட்டேன், முடிந்த பிறகு சொன்னேன். ஹால் அமைதியானது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் "இன்னொரு தடவை போடுங்கள்" என்றார். போட்டேன். அதற்குப் பிறகு ஃபிஷ்பாக். எண்பதுகளின் கீபோர்டும் கனத்த குரலுமாக 2017-இல் வந்தவர்.

பாடகரும் பாடலாசிரியருமான ஸெர்ஜ் கேன்ஸ்பூரை என்ன செய்வது என்பது தனித் தலைவலி. 1971-இல் வந்த மெலடி நெல்சன் கதை ஆல்பம் அரை மணி நேரம்கூட இல்லை, இசை அபாரம். ஆனால் அது ஒரு நடுவயதுக்காரர் பதின்வயதுப் பெண்ணை மோகிக்கும் கதை. குழந்தைகள் வரும் மாலையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு இசைக்கோப்பு செய்த ழான்-குளோத் வனியே 1972-இல் தன் பெயரில் ஓர் ஆல்பம் போட்டார். அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து, பக்கத்தில் அந்தக் காலத்துப் படப் பின்னணி இசைபோல வாசிக்கும் ஃபோர்எவர் பாவோவை வைத்தேன். இதே கேன்ஸ்பூர் எழுத, பிரான்ஸ் கால் என்ற பாடகி 1966-இல் பாடிய லாலிபாப் பாட்டையும் அறியாமல் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். மிட்டாய்ப் பாட்டு மாதிரி இருக்கும், இரட்டை அர்த்தம். பாடியபோது தனக்கே அது புரியவில்லை என்று அவர் பின்னால் சொன்னார்.

இன்னும் இரண்டு பள்ளங்கள். பிரெஞ்சில் பாடுகிறவர்கள் எல்லோரும் பிரான்ஸ் நாட்டவர் இல்லை. நான் ஆஞ்செலைப் பிரெஞ்சுப் பாடகி என்று அறிமுகப்படுத்தினேன். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "அவள் ப்ரஸ்ஸல்ஸ்காரி. நானும்." ஸ்த்ரோமாயும் பெல்ஜியம்தான். இன்னொன்று நீளம். ஃப்ளாவியான் பெர்ஜேயின் 'லெவியத்தான்' எனக்கு உயிர், ஆனால் கால் மணி நேரம் ஓடும். மூன்று நிமிடத்தோடு நிறுத்தினால் பாட்டுக்கு அநியாயம், முழுக்கப் போட்டால் கேட்பவர்களுக்கு அநியாயம். எடுத்துவிட்டேன். இன்னும் வருத்தம்தான்.

கடைசிப் பாட்டுக்கு ஜோடி வைக்கவில்லை. தொமினிக் ஆ என்ற பாடகர் 1992-இல் போட்ட முதல் ஆல்பத்திலிருந்து ஒன்று. ஒரு மலிவான கீபோர்டு, தாளப் பெட்டி, ஒரு குரல், அவ்வளவுதான். இன்றைக்குப் படுக்கையறையில் பதிவு செய்யும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அவர் முன்னோடி. காற்றுக்குக் கூட இடம்விட்டுப் பாடியதுபோல இருக்கும்.

மொத்தம் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் பேசினால் மொத்தம் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

7. கோப்பும் சத்தமும்

இணையத்தை நம்பி ஹாலுக்குப் போகாதீர்கள். கோப்புகளைக் காசு கொடுத்து வாங்குங்கள். இண்டி ஆட்களுக்கு பேண்ட்கேம்ப் நல்லது. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், மீதியில் பணம் செலுத்தும் கட்டணம் போகக் கலைஞருக்கோ லேபிளுக்கோ போய்ச் சேரும். சில மாதங்களின் முதல் வெள்ளியில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும், அன்றைக்கு வாங்கினால் இன்னும் நல்லது. பன்னிரண்டு பாட்டையும் தனித்தனியாக வாங்க எனக்கு இருபது யூரோவுக்குள் ஆனது.

இப்போது ஒரு விபத்து. அர்தியின் 1962 பதிவு மெல்லிய சத்தத்தில் இருக்கும். இன்றைய பதிவுகளை உச்ச சத்தத்துக்கு அழுத்தி வைத்திருப்பார்கள். நான் ஒத்திகையில் பழைய பாட்டுக்காக ஒலியைக் கூட்டிவைத்தேன், குறைக்க மறந்துபோனேன். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் முதல் வரிசையில் இருந்த பாட்டி காப்பிக் கோப்பையோடு துள்ளினார். பாதி அவர் மடியில், பாதி என் குறிப்புத்தாளில். எனவே எல்லாக் கோப்புகளையும் முன்பே ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதைச் செய்யும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, பத்து நிமிட வேலை.

ஹாலின் ஒலிக்கருவியில் என்ன துளை இருக்கிறது என்று ஒரு வாரம் முன்னால் போய்ப் பாருங்கள். என் கைப்பேசியில் ஹெட்போன் துளையே இல்லை, ஹாலில் அது மட்டும்தான் இருந்தது. எட்டு யூரோ இணைப்பான் ஒன்று என் மாலையைக் காப்பாற்றியது. பாட்டுப் போடும் கைப்பேசியை ஃப்ளைட் மோடில் வையுங்கள். இல்லையென்றால் சோகப் பாட்டின் நடுவே உங்கள் சித்தப்பாவின் வாட்ஸப் அழைப்பு நாற்பது பேருக்கும் கேட்கும்.

8. கையில் கொடுக்கும் தாள்

பாட்டு வரிகளை அச்சடித்துக் கொடுக்காதீர்கள். ஒலிக்க வாங்கும் அனுமதி வேறு, அச்சிட வாங்க வேண்டிய அனுமதி வேறு. மொழிபெயர்ப்புக்கும் இதேதான். நான் ஒவ்வொரு பாட்டுக்கும் என் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதினேன்: யார், எந்த ஊர், எதைப் பற்றி. கலைஞர் பெயரைச் சரியான எழுத்தில் போடுங்கள். வீட்டுக்குப் போய் அவர்கள் தேடப்போவது அதை வைத்துத்தான். அரைத் தாள், கறுப்பு வெள்ளை, ஐம்பது பிரதி, ஆறு யூரோ.

9. காப்பியா, வைனா

காப்பி, ஜூஸ் விற்கத் தனி உரிமம் வேண்டாம். வைன், பியர் விற்றால் மெரியிடம் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். ஒரு சங்கத்துக்கு வருடத்தில் ஐந்து முறைதான் கிடைக்கும். எங்கள் சங்கம் கோடைச் சந்தைக்காக அவற்றை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. நான் காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். கூட ஒரு தட்டு வடை வைத்தேன், முதலில் தீர்ந்தது அதுதான்.

10. அன்று மாலை

ஒரு மணி நேரம் முன்னால் சாவி வாங்குங்கள். சாவி கொடுப்பவரோடு ஹாலைச் சுற்றி வந்து, உடைந்த நாற்காலி, சுவரில் கறை என்று எது இருந்தாலும் படம் எடுத்து, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிணை செக் திரும்புவது இந்தத் தாளைப் பொறுத்தது. சுவரில் எத்தனை பேர் வரை என்று எழுதியிருக்கும், அதற்கு மேல் ஒருவரையும் விடாதீர்கள். அவசர வழிக்கு முன்னால் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். நான் வைத்தேன், காவலாளி வந்து நகர்த்தச் சொன்னார், அதில் பதினைந்து நிமிடம் போனது.

பேச்சைக் குறையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் கட்டுரை வாசிக்கும் ஆசை எனக்கும் இருந்தது. நாலாவது பாட்டில் ஒரு பையன் "பாட்டுப் போடுங்க அங்கிள்" என்று தமிழிலேயே கத்தினான்.

11. மறுநாளும் அதற்கு அடுத்த வாரமும்

ஹாலைப் பெருக்கித் துடைத்து, குப்பையை எடுத்துக்கொண்டு போவது உங்கள் வேலை. துடைப்பமும் பையும் நீங்களே கொண்டுபோங்கள், அங்கே இருக்கும் என்று நம்பாதீர்கள். எந்தெந்தப் பாட்டு ஒலித்தது, யாருடையது என்ற பட்டியலை எடுத்துவையுங்கள், சாசெம் கேட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களுடைய பில் எனக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் வந்தது. சங்கத்தின் பெயரில் வந்ததால் நான் சங்கத்துக்குக் கொடுத்து அவர்கள் கட்டினார்கள், இதையும் தலைவியிடம் முன்பே பேசிவிடுங்கள். பிணை செக்கைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னால் சரி என்று சொல்லாமல் நேரில் போய் வாங்குங்கள். எனக்கு அதைக் கொடுத்தவர் அதே கண்ணாடி அம்மாதான். கவரை நீட்டிக்கொண்டே, அந்தச் சுறாப் பெயர்க் குழுவை எப்படி எழுதுவது என்று கேட்டார். அவருடைய பேனாவை வாங்கி, கவரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.